கிழிப்பதற்கென்று வாங்கிய சட்டை

வின்கோ ரோத்தீம் சட்டம் படிக்கச் சேர்ந்தபோது எங்கள் ஊரான மோஸ்தாரில் ஒரே ஒரு பல்கலைக்கழகம்தான் இருந்தது. அவன் படிப்பை முடிப்பதற்குள் போர் வந்து அது இரண்டாகிவிட்டது. ஆற்றுக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டுக்கும் தனித்தனித் தலைவர், அதாவது ரெக்டர், தனித்தனி ஆட்சிக்குழு, தனித்தனி முத்திரை. கிழக்கே இருந்தது பழைய பேரை வைத்துக்கொண்டது. மேற்கே இருந்த எங்களது, குரோவாசிய மொழியில் நடப்பது, புதுப்பேர் சூட்டிக்கொண்டு, படைவீரர்கள் காலிசெய்துவிட்டுப் போன முகாமில் குடியேறியது. ரெக்டர் அலுவலகமும் வகுப்பறைகளும் பாதிச் சுவர் பெயர்ந்த கட்டடங்களில் மெல்ல மெல்ல உருவாயின. முகாமின் வாசலுக்கு எதிரே நான் நகலெடுக்கும் கடை வைத்தேன். பாடப்புத்தகம் வாங்க யாரிடமும் வசதியில்லாத காலம் அது. ஆகவே கடை ஓடியது.

போர் நடந்த வருஷங்களைப் பற்றி வின்கோ பேசுவதில்லை. நாங்கள் இருவரும் ஒரே பதுங்குகுழியில் இருந்தோம் என்பதோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன். அதிலிருந்து வந்ததும் அவன் மிலெங்காவைக் கட்டினான். கல்யாணத்துக்கு நான் சாட்சி நின்றேன். எங்கள் பக்கம் அது ஒரு நாள் வேலை அல்ல, சாகும்வரை உள்ள உறவு. சாட்சி நின்றவனைக் 'கூம்' என்போம். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு போடக்கூடாது.

கல்யாணமான அதே வருஷம் வின்கோ தன் மதிப்பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேற்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். கெட்டி அட்டை போட்ட சின்னப் புத்தகம். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் பேராசிரியர் அதில் மதிப்பெண் எழுதிக் கையெழுத்திடுவார். அவனுடையதில் முதல் பாதிப் பக்கங்களில் இல்லாமல்போன நாட்டின் முத்திரை இருந்தது. மதிப்பெண்களும் பத்துக்குப் போட்டவை. புதிய இடத்தில் ஐந்துக்குத்தான் போட்டார்கள்.

மாணவர் அலுவலகத்தில் இருந்த சோர்க்கா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அவன் அன்றே கடைக்கு வந்து நடித்துக்காட்டினான்.

"தம்பி, சுயநிர்வாகச் சட்டத்துல பத்துக்குப் பத்தா? பிரமாதம். ஆனா அந்தச் சட்டமும் இல்ல, அத வச்சிருந்த நாடும் இல்ல. அதுக்குப் பதிலா வேற எழுதணும்."

"எத்தன எழுதணும்கா?"

"இப்போதைக்கு இவ்ளோ. பாடத்திட்டம் மாறினா மறுபடியும் பாக்கலாம்."

பாடத்திட்டம் மாறிக்கொண்டேயிருந்தது. பழைய பாடத்துக்கும் புதிய பாடத்துக்கும் இடைவெளி வந்தால் அதை அடைக்க ஒரு தேர்வு. அதற்கு வித்தியாசத் தேர்வு என்று பேர். வின்கோ ஒன்றை முடிப்பான். மறுவருஷம் வேறொன்று சேர்ந்திருக்கும். பேராசிரியர்களும் எங்களிடம் போதிய அளவு கிடையாது. சிலர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டார்கள், சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். எல்லைக்கு அப்பாலுள்ள சாக்ரெபிலிருந்தும் ஸ்ப்லிட்டிலிருந்தும் ஆள் வந்து இரண்டு மூன்று நாளில் ஒரு பருவத்துப் பாடத்தை நடத்திவிட்டுப் போவார்கள். தேர்வுக்கும் அப்படித்தான். குளிர்காலத்தில் வடகாற்று மலைப்பாதையை அடைத்துவிட்டால் பேராசிரியரும் இல்லை, தேர்வும் இல்லை.

இதற்கிடையே வின்கோ நீதிமன்றத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. தோளில் பையைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடப்பான். சம்மன் கொண்டுவருபவனைக் கண்டால் யாருக்கும் பிடிக்காது. நாயை அவிழ்த்துவிடுவார்கள், கதவைத் திறக்கமாட்டார்கள். அவனுக்கு அதில் வருத்தமில்லை. ஒரு வார்த்தைக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மாணவனை 'கொலேகா' என்று அழைப்பார். நீயும் நானும் ஒரே தொழில்காரர்கள் என்று அர்த்தம். நீதிமன்றத்திலும் வக்கீலும் நீதிபதியும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்வார்கள். வின்கோவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஒருத்தி அங்கே நீதிபதியாகிவிட்டாள். நடைக்கூடத்தில் அவனைக் கண்டால் மற்றவர்கள் காதில் விழும்படி, "வணக்கம் கொலேகா!" என்பாள். கேலியாக அல்ல. அவன் இன்னும் மாணவன்தானே, பட்டம் வாங்கினால் அவனும் வக்கீல்தானே என்ற நியாயத்தில். அந்தச் சொல் அவனுக்குக் கடன் கொடுத்த மாதிரி. பட்டம் வாங்கி அதைத் தன் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி படிப்பு என்று ஒன்று வந்தது. வருஷங்களும் புள்ளிகளும் எல்லாமே புதிய கணக்கு. பழைய முறையில் சேர்ந்தவர்களுக்கு ஆட்சிக்குழு ஒரு கெடு வைத்தது. செப்டம்பர் முடிவதற்குள் எல்லாத் தேர்வையும் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய முறை மாணவன் என்ற உரிமை போய்விடும். முதல் வருஷம் ஊரே நடுங்கியது. என் கடையில் கூட்டம் தாங்கவில்லை. கெடு முடிந்து அக்டோபரில் ஆட்சிக்குழு கூடி இன்னொரு வருஷம் நீட்டித்தது. மறுவருஷமும் அப்படியே. அதற்கு அடுத்த வருஷமும். போகப்போக யாரும் நடுங்கவில்லை. "நீட்டிப்பாங்க" என்பது காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. சோர்க்காவே அதைத்தான் சொல்வாள்.

வின்கோவின் மைத்துனன் இல்கோ ஊருக்கு வெளியே ஆடு வளர்க்கிறான். வின்கோ பட்டம் வாங்கும் அன்று சுடுவதற்கென்று ஒரு குட்டியை ஒதுக்கிவைத்தான். கடையில் எங்கள் முன்னால் அவன் வின்கோவைச் சீண்டுவது வழக்கம்.

"மாமா, உன் பட்டத்து ஆடு எப்படி இருக்குன்னு கேக்கவே மாட்டேங்கிறியே."

"எப்படி இருக்கு?"

"பேரன் பேத்தி எடுத்துடுச்சு. அதோட கொள்ளுப்பேரன் உனக்கு முன்னாடி வக்கீலாயிடுவான் போலிருக்கு."

வின்கோ எங்களைவிட உரக்கச் சிரிப்பான்.

அவனுடைய மகள் யெலா அதே முகாமில் புதிய முறையில் பொருளாதாரம் படித்தாள். சொன்ன வருஷத்தில் முடித்தாள். கடைசித் தேர்வு முடிந்து வெளியே வருகிறவர்களின் சட்டையை நண்பர்கள் உடம்பிலேயே வைத்துக் கிழிப்பார்கள். காலர் ஒருவன் கையில், கைப்பகுதி இன்னொருத்தி கையில் என்று கந்தல் கந்தலாக்கிவிடுவார்கள். யெலாவுக்கும் அப்படிக் கிழித்தார்கள். உள்ளே ஒரு பனியன் போட்டிருந்தாள். கந்தலோடு புல்தரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். வின்கோ குனிந்து துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"விடுப்பா, கூட்டறவங்க கூட்டுவாங்க," என்றாள் யெலா. "உன் சட்டைய நான்தான் கிழிப்பேன். வேற யாரையும் தொட விடாத."

அந்த வருஷமே அவள் ஜெர்மனிக்குப் போய்விட்டாள். ஸ்டுட்கார்ட்டில் ஒரு கிடங்கில் கணக்கு வேலை. அவளோடு படித்தவர்களில் பாதிப்பேர் அந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். நம் தெருவில் பார்ப்பதைவிட அங்கே நம்மவர்களை அதிகம் பார்க்கிறேன் என்று போனில் சொன்னாளாம்.

வின்கோவுக்குக் கடைசியாக ஒரே ஒரு தேர்வு மிஞ்சியது. நிதிச் சட்டம். சாக்ரெபிலிருந்து வரும் பேராசிரியர் லெஷிச் வாய்மொழியாகக் கேட்பார். அவரிடம் வின்கோ ஏற்கெனவே இருமுறை தோற்றிருந்தான். மூன்றாம் முறையும் தோற்றால் அடுத்த வாய்ப்பு மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால்தான். குழுவிடம் போனவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டால் பல்வைத்தியரே தேவலை என்று தோன்றும்.

அந்தச் செப்டம்பருக்கு அவன் நன்றாகவே படித்திருந்தான். கோடை முழுவதும் வேலை முடிந்து வந்து என் கடையின் பின்னறையில், மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து படித்தான். நான் கேள்வி கேட்பேன், அவன் பதில் சொல்வான். சில சமயம் வாடிக்கையாளராக வந்த மாணவர்களும் கேட்பார்கள். பாதிக்குமேல் சரியாகச் சொன்னான். மீதியில் தடுமாறினான். வயது ஐம்பது தாண்டிவிட்டது. காலையில் படித்தது மாலையில் நிற்பதில்லை என்று அவனே சொல்வான்.

மிலெங்கா அவனுக்கு வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கினாள். நல்ல கெட்டிப் பருத்தி. வாங்கி வந்ததும் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தோள்பட்டையிலும் காலர் ஓரத்திலும் தையலை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தாள்.

"என்ன பண்றே?" என்று கேட்டேன்.

"கெட்டித் துணி, கூமே. புள்ளைக்குக் கை வலிக்கும். இப்படி விட்டா ஒரே இழுப்புல வந்துடும்."

யெலா விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்திலேயே ஒரு பகலும் இரவும் பயணம் செய்து வந்து சேர்ந்தாள். தேர்வு நாளன்று இல்கோ காலையிலேயே ஆட்டைக் கம்பியில் கோத்து நெருப்பில் ஏற்றிவிட்டான். மத்தியானம் பந்திக்கு வேண்டுமென்றால் காலையிலேயே சுழற்ற ஆரம்பித்தாக வேண்டும். முடிவு தெரியும்வரை காத்திருக்க முடியாது.

நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். சட்டத்துறையின் நடையில் சுவரோரமாக நின்றோம். யெலா அப்பாவின் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"ஒரு நிமிஷம்கூட தாங்காதுப்பா இது."

"பொறு. முதல்ல உள்ள போயிட்டு வரேன்."

முதலில் உள்ளே போன பையன் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது. அடுத்து ஒரு பெண் போனாள், அதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். "என்ன கேட்டாரு?" என்று எல்லோரும் அவளைச் சூழ்ந்தார்கள். "போன வருஷம் மாத்தின வரிச்சட்டத்துலேருந்து கேக்கறாரு. நோட்ஸ்லயே இல்ல," என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே படியிறங்கினாள். அந்த நோட்ஸ் என் கடையில் எடுத்த நகல்தான். வின்கோ படித்ததும் அதைத்தான். மூன்றாவதாகப் போனவனும் தோற்றான்.

வின்கோ என்னைச் சுவரோரம் இழுத்தான். குரலைத் தாழ்த்தினான்.

"கூமே, இன்னைக்கு ஆளுக்கு மனசு சரியில்ல போலிருக்கு."

"உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு."

"தோத்தா குழு. விலகிட்டா அடுத்த தடவையும் இவரு ஒருத்தர்தான். அந்தப் புதுச் சட்டத்தையும் படிச்சுட்டு வந்துடுவேன்."

"கெடு இந்த மாசத்தோட முடியுதே."

"நீட்டிப்பாங்கடா."

நீட்டிப்பார்கள் என்று நானும்தான் நம்பினேன். அந்த நடையில் நின்ற எல்லோரும் நம்பினார்கள். முதல்நாள் சோர்க்காவிடம் கேட்டபோது அவளும் ஆமென்று தலையை ஆட்டினாள். நீட்டிக்கும் ஊரில் விலகுவதுதான் புத்திசாலித்தனம்.

கதவு திறந்தது. உதவியாளர் எட்டிப்பார்த்து, "கொலேகா ரோத்தீம்!" என்றார்.

வின்கோ நிமிர்ந்தான். சட்டையின் கீழ்விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டான். ஒரு கணம் உள்ளே போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். "நான் விலகிக்கறேன்," என்றான். உதவியாளர் தலையசைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

யெலா அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டாள்.

இல்கோவின் வீட்டு முற்றத்தில் ஆடு பொன்னிறமாகச் சுழன்றுகொண்டிருந்தது. கார் நின்ற சத்தம் கேட்டதும் அவன் ரக்கியா சாராயப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"வாங்க வக்கீலய்யா! வாங்க!" பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தான். "என்னாச்சு? ஃபெயிலா?"

"ஃபெயிலெல்லாம் ஆகல," என்றான் வின்கோ.

"அப்போ பாஸா?"

"விலகிட்டேன்."

இல்கோ நெருப்பைத் திரும்பிப் பார்த்தான். "இதுவும் விலகிக்கறேன்னு காலைல சொல்லிச்சு மாமா. நான்தான் கேக்கல."

யெலாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். உட்கார்ந்தோம், கறியை அறுத்தோம். வெங்காயம், ரொட்டி, வெள்ளை ஒயின். யாரோ அடுத்த வருஷத்துக்கென்று கோப்பையைத் தூக்கினார்கள். வின்கோ எலும்பைக் கையில் எடுத்தபோது மிலெங்கா எழுந்து வந்தாள்.

"சட்டையைக் கழட்டு. கொழுப்பு பட்டா போகாது."

அவன் பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபரில் ஆட்சிக்குழு கூடியது. அன்று மத்தியானம் வின்கோ கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். சம்மன் பை காலடியில் கிடந்தது. சோர்க்கா உள்ளே வந்தாள். அவனைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாள்.

"நீட்டிக்கல," என்றாள்.

"அடுத்த கூட்டத்துல எடுப்பாங்களாக்கும்."

"இல்ல வின்கோ. பேச்சே வரல. பட்டியல்லயே அந்த விஷயம் இல்ல."

"எப்பவும் நீட்டிச்சாங்களே!"

"அப்போ நூத்துக்கணக்குல இருந்தீங்க. ஒவ்வொருத்தருக்கும் அப்பா, மாமா, கட்சிக்காரன்னு யாராவது வந்து நின்னாங்க. நீட்டிக்க நீட்டிக்க ஒவ்வொருத்தரா முடிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்போ பழைய முறையில யாரு இருக்கா? நீ இருக்கே. கனடாவுல ஒருத்தன் இருக்கான், அவன் கடுதாசிக்குப் பதிலே போடறதில்ல. உங்க ரெண்டு பேருக்காக யாரு கையைத் தூக்குவா?"

வின்கோ காப்பிக் கோப்பையைச் சுழற்றினான். "நான் விலகினேன்கா. தோக்கல."

"தெரியும். நான்தானே எழுதிக்கிட்டேன்." சிகரெட்டைப் பாதியில் நசுக்கினாள். "புது முறையில சேரலாம். ரெண்டாம் வருஷத்துல உக்கார வைப்பாங்க. மீதிய வித்தியாசத் தேர்வா எழுதலாம்."

"வித்தியாசத் தேர்வு," என்று வின்கோ திருப்பிச் சொன்னான். சிரிப்பான் என்று பார்த்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். அன்றைய சம்மன்கள் இன்னும் பாக்கி இருந்தன.

மறுநாள் நீதிமன்ற நடையில் அந்த நீதிபதி வழக்கம்போல, "வணக்கம் கொலேகா!" என்றாளாம். இவன் நின்று, பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "இனிமே வின்கோன்னு கூப்பிடுங்க மேடம். அதுதான் சரி," என்றானாம். அவளுக்குப் புரியவில்லை. ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வெறும் வணக்கம்தான்.

என் கடைக்கு அவன் வருவது குறைந்தது. வந்தாலும் பின்னறைக்குப் போவதில்லை, கல்லாவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டுப் போவான். மின்விசிறியை நான் எடுத்துப் பரணில் போட்டேன்.

ஜனவரியில் வடகாற்று அடித்த ஒரு காலையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். கல்லாமேல் வைத்தான்.

"இயந்திரத்துக் கண்ணாடி துடைக்க எப்பவும் பருத்தித் துணி கேப்பியே. இந்தா."

உள்ளே வெள்ளைத் துண்டுகள். கையளவு கையளவாகக் கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டி அடுக்கியிருந்தது. ஒரு துண்டின் ஓரத்தில் பாதி பிரித்த தையல் தெரிந்தது. பொத்தான் எதுவும் இல்லை.

"பொத்தானெல்லாம் மிலெங்கா எடுத்து வச்சுக்கிட்டா," என்றான்.

"அவளா வெட்டினா?"

"நான்தான். அவ பக்கத்து ரூமுல இருந்தா. கத்தரிச் சத்தம் கேட்டிருக்கும். வரல."

பையை ஓரமாக நகர்த்தினேன். "யெலாவுக்குச் சொல்லிட்டியா?"

அவன் கண்ணாடிக் கதவு வழியாக முகாம் வாசலைப் பார்த்தான். பரீட்சைக்காலம். பிள்ளைகள் காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

"சொன்னேன்."

"என்னன்னு?"

"நீட்டிச்சுட்டாங்கன்னு. ரொம்ப சந்தோஷப்பட்டா. செப்டம்பருக்கு இப்பவே லீவு எழுதிக் குடுத்துட்டாளாம்."

"வின்கோ! அவ வந்து நின்னா என்னடா பண்ணுவே?"

"அதுக்கு இன்னும் எவ்ளோ நாள் இருக்கு, கூமே," என்றான். குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு காற்றில் இறங்கினான்.

ஒரு மாணவி நகலெடுக்கக் காத்திருந்தாள். கையில் சட்ட நோட்ஸ். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். துணி சரிப்படவில்லை. பருத்தி பலமுறை துவைத்துப் பழகினால்தான் இளகிக் கண்ணாடியில் ஒட்டாமல் வரும். இது ஒரே ஒரு நாள் உடுத்தியது. வெட்டிய ஓரங்களிலிருந்து நூல் நூலாகப் பிரிந்து கண்ணாடிமேல் கிடந்தது. ஊதினேன், கையால் தட்டினேன். முழுவதும் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவசரம். அப்படியே நகலெடுத்துக் கொடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.